ஆற்றுக்கு அக்கரையில் விட்ட பூனை

தஞ்சை ஜில்லாவில் பூனைக்குட்டிகளுக்கென்று ஒரு நாடுகடத்தல் தண்டனை நெடுங்காலமாக இருந்துவருகிறது. குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, வக்கீலும் இல்லை. கொல்லைப்புறத்து வைக்கோற் போரில் நான்கு குட்டிகள் கண் திறந்து நடமாடத் தொடங்கியதும் வீட்டுக்காரர் ஒரு சாக்கைத் தேடுகிறார். குட்டிகள் சாக்கினுள் போகின்றன. சாக்கு வண்டியின் பின்னால் ஏறுகிறது. குடமுருட்டிக்கோ வெட்டாற்றுக்கோ அக்கரையில், வழி கண்டு திரும்ப முடியாத தூரத்தில், ஒரு மீன் கடைக்கு அருகே சாக்கு அவிழ்க்கப்படுகிறது. வீடு திரும்பியவர் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே நுழைகிறார். "கொல்லவில்லை, எங்கேயாவது பிழைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்" என்கிறார். பூனையைக் கொல்வது மகாபாவம் என்று பாட்டி சொன்னது அவருக்கு நினைவிருக்கிறது. அப்பாவத்திலிருந்து தாம் தப்பிவிட்டதாகவே அவர் நம்புகிறார்.

நாம் அவ்வாறு நம்பவில்லை. தாயைப் பிரிந்த ஐந்து வாரக் குட்டிக்கு எலி பிடிக்கத் தெரியாது. நாய் வந்தால் எப்பக்கம் ஓடுவதென்றும் தெரியாது. அமெரிக்காவின் வட கரோலினா ராஜ்யத்தில், வீடற்ற பூனைகள் ஈன்ற குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து ஆராய்ச்சியாளர் 2004-ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 169 குட்டிகளில் 127 குட்டிகள் ஆறு மாதம் நிறைவதற்குள் இறந்துபோயின. அல்லது காணாமற் போயின. தாயோடு பிறந்த இடத்திலேயே இருந்த குட்டிகளின் கதி இது. தாயும் இல்லாமல், இடமும் தெரியாமல், சாக்கிலிருந்து கொட்டப்பட்டவற்றின் கதியை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். கொலையை நம் கையால் செய்யாமல் நாயின் வாயிடமும் லாரியின் சக்கரத்திடமும் ஒப்படைத்துவிட்டு, அதற்கு ஜீவகாருண்யம் என்று பெயரிடுவது நமக்கே நாம் சொல்லிக்கொள்ளும் பொய்யாகும்.

தேச விவகாரங்களுக்குரிய பத்தியில் பூனை விவகாரமா என்று சிலர் நகைக்கக்கூடும். பிராணிகளின் துன்பம் சட்டசபைக்குரிய விஷயமன்று என்ற எண்ணத்தைச் சுதந்திரம் பெற்ற சில ஆண்டுகளிலேயே ஒரு தமிழ்ப் பெண்மணி மாற்றிவிட்டார். நாட்டியக் கலையை மீட்டெடுத்த ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் தனி அங்கத்தினர் மசோதாவாகக் கொண்டுவந்த முயற்சியின் பலனே 1960-ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டம். அதன் கீழ் 1962-இல் ஏற்பட்ட பிராணி நல வாரியத்திற்கு அவரே முதல் தலைவராக இருந்தார். அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். பசியாலோ தாகத்தாலோ துன்புற நேரும் என்ற நிலையில், தக்க காரணமின்றி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றமென்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே சாக்கை அவிழ்த்தவர் பாவி மாத்திரமல்லர், குற்றவாளியுமாவார். ஆனால் முதற் குற்றத்துக்கு விதிக்கப்படும் அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல் என்றிருக்கிறது! கால் கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கவும் இத்தொகை போதாது. இச்சட்டத்தை நம்பிக் குட்டிகள் பிழைக்கப் போவதில்லை.

பூனை நம் வீட்டுக்குள் வந்த கதையைச் சற்றே நினைவுகூர்ந்தால், இன்றைய சிக்கல் எங்கே தொடங்குகிறது என்பது விளங்கும். மனிதன் தானியத்தைச் சேர்த்து வைக்கக் கற்றுக்கொண்ட காலத்தில்தான் பூனை அவனை அண்டியது. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட சவக்குழி ஒன்றில் மனிதன் பக்கத்தில் பூனையும் புதைக்கப்பட்டிருந்ததைக் கண்டெடுத்திருக்கிறார்கள். நெல் எங்கே உண்டோ அங்கே எலி உண்டு. எலி எங்கே உண்டோ அங்கே பூனை வரும். காவேரிக் கழனிகளின் சரித்திரமும் இதுவே. தொல்காப்பியத்தின் மரபியல், குட்டி என்ற பெயருக்குரிய பிராணிகளைச் சொல்லும்போது வெருகையும் எலியையும் அணிலையும் கீரியையும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறது. மாமல்லபுரத்துச் சிற்பி, எலிகள் சூழ ஒற்றைக் காலில் தவம் செய்யும் பூனையைப் பாறையிலே செதுக்கினான். நம் வைஷ்ணவப் பெரியோர்கள் பகவானின் அருளை விளக்க வந்தபோது, குட்டியைத் தானே கவ்விச் செல்லும் தாய்ப்பூனையைத்தான் உதாரணமாக எடுத்தார்கள். மார்ஜார நியாயத்தைப் பற்றித் திண்ணையில் மணிக்கணக்கில் வாதாடியவர் எவரேனும் அதே திண்ணையின் கீழே ஈன்றிருந்த மார்ஜாரத்தைக் குனிந்து பார்த்தாரா என்பது வேறு விஷயம்.

பத்தாயம் இருந்தவரையில் வீட்டுப் பூனைக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. இப்பொழுது அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லை உதிர்த்துக் கொடுக்கிறது. வயலிலிருந்து நேரே கொள்முதல் நிலையத்துக்கு நெல் போய்விடுகிறது. குறுவையானாலும் சம்பாவானாலும், வீட்டுக்குள் வரும் நெல் முன்போல் இல்லை. பல வீடுகளில் பத்தாயத்தைப் பிரித்து விற்றுவிட்டார்கள். சிலர் அதில் பழைய துணி போட்டு வைத்திருக்கிறார்கள். உத்தியோகம் போயிற்று, உத்தியோகஸ்தர் மாத்திரம் குடும்பத்துடன் தங்கிவிட்டார். வயலெலியை ஒழிக்கப் பூனை வேண்டும் என்று சொல்பவர்கள் வரப்பில் இறங்கிப் பார்த்தவர்களல்லர். அங்கே வேலை செய்வது மூங்கிலால் வளைத்த தஞ்சாவூர்க் கிட்டியும், இரவில் வந்து உட்காரும் கூகையுமேயாகும். வீட்டெலியை, அதிலும் சுண்டெலியை, பூனை பிடிக்கும். பெருச்சாளியோ எதிர்த்து நின்றால் பூனை மரியாதையாக விலகிப் போகும். நியூயார்க் நகரத்துக் கழிவுக் கிடங்கொன்றில் 79 நாட்கள் கேமரா வைத்துப் பார்த்த ஆராய்ச்சி 2018-இல் வெளிவந்தது. அங்கிருந்த பூனைகள் அத்தனை நாளில் கொன்றதாகப் பதிவான பெரிய எலிகள் இரண்டே இரண்டு!

ஆகவே, பூனைகள் பெருகுவதற்கு நெல்லைக் காரணம் காட்டுவது இனிச் செல்லாது. பெருக்கத்தின் காரணம் மிகவும் எளியது. ஒரு பெட்டைப் பூனை ஐந்தாறு மாதத்தில், சில சமயம் நான்கு மாதத்திலேயே, பருவமடைகிறது. கர்ப்ப காலம் அறுபத்துமூன்று முதல் அறுபத்தைந்து நாட்கள். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடியும் சினையாகக்கூடும். நம் நாட்டின் வெயிலில் ஈற்றுக்கு ஓய்வுப் பருவம் என்று ஒன்று அநேகமாக இல்லை. வருஷத்துக்கு இரண்டு ஈற்று, சில சமயம் மூன்று. ஈற்றுக்கு மூன்று முதல் ஐந்து குட்டிகள். சாக்கு எத்தனை முறை ஆற்றைக் கடந்தாலும் தாய் வீட்டில்தானே இருக்கிறது?

தாயையும் சேர்த்துக் கடத்தினால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சென்னை பதில் சொல்லியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே அந்நகரத்தில் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தார்கள். ஆண்டுதோறும் கொன்றார்கள், ஆண்டுதோறும் நாய்கள் இருந்தன. ஓரிடம் காலியானால், அங்கே கிடைக்கும் சோற்றுக்கும் மறைவிடத்துக்கும் பக்கத்துத் தெருவிலிருந்து வேறொன்று வந்து சேருகிறது. கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடுவதே வழி என்று புளூ கிராஸ் சங்கத்தார் 1964 முதல் சொல்லிவந்தார்கள். கொல்வதை நிறுத்தி அவ்வழிக்கு நகரசபை வர 1996 வரை ஆயிற்று. முப்பத்திரண்டு ஆண்டுகள்! பின்னர் 2001-இல் மத்திய சர்க்கார் பிராணிகளின் கருத்தடை விதிகளை வகுத்தபோது, விதிகளின் பெயரிலேயே நாய் என்ற சொல் இருந்தது. 2023-இல் வந்த புதிய விதிகளின் பெயரிலிருந்து நாய் போய்விட்டது. நகரசபைகளின் மனத்திலிருந்து இன்னும் போகவில்லை. நாயின் வழக்கு 2025-இல் சுப்ரீம் கோர்ட்டு வரையில் சென்று நாடெங்கும் பேசப்பட்டது. பூனை கடித்துக் குதறிப் பத்திரிகையில் செய்தியாவதில்லையாதலால், அதற்கு வாதி பிரதிவாதி எவருமில்லை.

கருத்தடை இயற்கைக்கு விரோதமானது, ஒரு ஜீவனின் சந்ததியை அறுப்பது பாவம் என்ற ஆட்சேபம் நம் ஜில்லாவில் நிச்சயமாக எழும். இதைச் சொல்லும் மிராசுதாரர் தமது தொழுவத்தை ஒரு முறை சுற்றிப் பார்க்க வேண்டும். காளையைக் காயடித்து எருதாக்காமல் நம் முன்னோர் ஒரு சால் உழுததுண்டா? அதுவும் எப்படி? மயக்க மருந்தின்றி, நான்கு பேர் அமுக்கிப் பிடிக்க, மாடு அலற அலறச் செய்தார்கள். நம் உழவுக்காக அதைச் செய்தபோது எழாத தர்மசங்கடம், பிராணியின் நன்மைக்காகவே, மயக்க மருந்து கொடுத்து, வைத்தியர் செய்யும் சிகிச்சைக்கு மாத்திரம் எழுவானேன்? கடுவனுக்குச் செய்வது சில நிமிஷ வேலை. பெட்டைக்கு வயிற்றைத் திறந்து சூலகத்தையும் கருப்பையையும் எடுக்க வேண்டும். அது சற்றுப் பெரிய சிகிச்சையானாலும் கைதேர்ந்த வைத்தியருக்குப் பழகிய ஒன்றே.

மணி கட்டுவது யார் என்ற கேள்விக்கு முன், பூனையைப் பிடிப்பது எப்படி என்ற கேள்வி இருக்கிறது. மடியில் ஏறிப் படுக்கும் பூனையைப் பற்றி நாம் சொல்லவில்லை. அதைக் கூடையில் வைத்து எடுத்துப் போகலாம். நாம் சொல்வது பரணிலும் வைக்கோற் போரிலும் பிறந்து, மனிதன் கைப்படாமல் வளர்ந்து, கண்டால் சீறி ஓடும் பூனையை. அதைக் கையால் பிடிக்க முயல்வது மடமை. கோணியைப் போட்டு அமுக்குவதும் அவ்வாறே. நமது அச்சுக்கூடத்துக் காகிதக் கிடங்கில் இப்படிப்பட்ட பெட்டை ஒன்று இருந்தது. பசைக்கும் காகிதத்துக்கும் வரும் எலிகளுக்காக அதை யாரும் விரட்டவில்லை. மூன்றாம் ஈற்று ஆனதும் விஷயம் முற்றிவிட்டது. அப்போது கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் வேளை தவறாமல் ஒரே இடத்தில் உணவு வைக்க வேண்டும். ஒரு வாரமாவது அப்பழக்கம் வேண்டும். பிறகு, மிதித்தால் கதவு விழும் கம்பிக் கூண்டை அவ்விடத்தில் வைத்து, கதவை விழாதபடி கட்டிவிட்டு, உணவைக் கூண்டின் வாயிலிலும், மறுநாள் சற்று உள்ளேயும், அதற்கடுத்த நாள் கோடியிலுமாக நகர்த்திக்கொண்டு போக வேண்டும். வாசனையுள்ள கருவாட்டைவிடச் சிறந்த தூது கிடையாது. பூனை அச்சமின்றி உள்ளே போய் உண்டு திரும்பத் தொடங்கியதும் கதவின் கட்டை அவிழ்க்கலாம்; ஆனால் வைத்தியரிடம் நாள் குறித்துக்கொண்ட பிறகே அதைச் செய்ய வேண்டும். பிடித்துவிட்டு வைத்தியரைத் தேடி அலைவது கூடாது. கதவு விழுந்தவுடன் பூனை கம்பியில் முட்டி மோதும். அந்தக் கணமே கூண்டின் மேல் தடித்த துணியைப் போர்த்துங்கள். இருள் வந்ததும் அடங்கிவிடும். எவ்வளவு சாதுவாகத் தோன்றினாலும் கூண்டினுள் கையை விடலாகாது. கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்; வெறிநோய் பூனைக்கும் உண்டு. எத்தனை மணி நேரம் முன்பு உணவை நிறுத்துவதென்பதை வைத்தியர் சொல்வார். சிறு குட்டிகளை நெடுநேரம் பட்டினி போடலாகாது.

பிடிபட்ட பெட்டையின் மடியில் பால் கட்டியிருக்கிறதா என்று கூண்டுக்கு வெளியிலிருந்தே பார்க்க வேண்டும். பால் இருந்தால் எங்கோ குட்டிகள் காத்திருக்கின்றன. அவற்றைத் தேடிக் கண்டுபிடித்த பிறகே மேல் காரியம். நமக்கு அதற்கு இரண்டு நாள் பிடித்தது. பழைய ஆண்டு மலர்களின் கட்டுகளுக்குப் பின்னால் நான்கு குட்டிகள் இருந்தன.

சிகிச்சை முடியும் முன், மயக்கத்தில் இருக்கும்போதே, இடக் காதின் நுனியைச் சிறிதளவு நேராகக் கத்தரித்துவிடும் வழக்கம் பல தேசங்களில் இருக்கிறது. இது அங்கஹீனமன்றோ என்று கேட்டால், இந்த அடையாளமில்லாமல் போனால் அதே பெட்டையை மறுபடி பிடித்து மறுபடி வயிற்றைத் திறப்பார்கள் என்பதே விடை. அதே சமயத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுவிட வேண்டும். கடுவனை மறுநாளும், பெட்டையை இரண்டொரு நாள் கழித்தும், பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம். இரண்டு எச்சரிக்கைகள்: வலிக்குமே என்று இரக்கப்பட்டு நாம் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்தால் பூனை செத்துப்போகும், கூண்டைப் பினாயில் போட்டுக் கழுவினால் அதுவும் அதற்கு விஷமே. சோப்பும் வெயிலும் போதும்.

வளர்ந்த கைப்படாப் பூனையை வீட்டுப் பூனையாக்கிவிடலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அநேகமாக முடியாது, அறையில் அடைத்து வைத்தால் அதற்கு அது சிறைவாசமே. குட்டிகளின் விஷயம் வேறு. பிறந்த இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரையில் பூனையின் மனம் மெழுகு போன்றது. அந்நாட்களில் மனிதன் கை எத்தனை பட்டதோ அத்தனைக்கு அது மனிதனை நம்பும். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் வேலை கடினமாகிறது. மூன்று மாதம் கடந்துவிட்டால் பெரும்பொறுமை வேண்டும். வீடு முழுவதும் அவிழ்த்துவிடாமல், ஒரு சிறு அறையில் ஒளிந்துகொள்ளப் பெட்டி ஒன்று வைத்துக் குட்டிகளை விட வேண்டும். முதல் நாள் சீறும், துப்பும், அது பயமேயன்றிக் கோபமன்று. உணவுத் தட்டுடன் தரையில் உட்கார்ந்து, நேருக்கு நேர் உற்றுப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் ஏதாவது பேசிக்கொண்டிருங்கள். தினசரிப் பத்திரிகையை வாய்விட்டுப் படித்தாலும் போதும். கண்ணை மெல்ல மூடித் திறப்பது பூனையின் பாஷையில் நட்பைக் குறிக்கும் என்று இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் சர்வகலாசாலையார் 2020-இல் பரிசோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு விரலில் தொட்ட உணவு. அதன் பிறகு துண்டில் சுற்றி மடியில் சிறிது நேரம். நாளைக்கு நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம். சகோதரக் குட்டிகளைத் தனித்தனியாகப் பழக்குவது நல்லது. சேர்ந்திருந்தால் ஒன்றன் அச்சம் மற்றொன்றுக்குத் தொற்றிக்கொள்ளும்.

உணவு விஷயத்தில் நம் அக்கிரகாரத்துக்கும் சைவ வேளாள வீதிக்கும் ஒரு வார்த்தை. பூனைக்குத் தயிர் சாதம் போதாது. மாமிசத்திலுள்ள டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் அதன் கண் பார்வை கெடும் என்று 1975-லும், இருதயம் கெடும் என்று 1987-லும் கண்டறிந்திருக்கிறார்கள். பசும்பால் குட்டிகளுக்குப் பேதி உண்டாக்கும். உங்கள் ஆசாரத்தைப் பூனை அநுஷ்டிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. மீன் வாங்க மனமில்லாதவர் கடைகளில் விற்கும் பூனைத் தீனியை வாங்கலாம். அதுவும் கூடாதென்றால் பூனையை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவதே முறை.

இரண்டு மாதம் நிறைந்து ஒரு கிலோ எடை வந்ததும் குட்டிகளுக்கும் கருத்தடை செய்யலாம். செய்த பிறகே பிறருக்குக் கொடுக்க வேண்டும். நமது நான்கு குட்டிகளில் மூன்று நண்பர்கள் வீட்டுக்குப் போயின. நான்காவது, வெள்ளையில் கறுப்புத் திட்டுள்ளது, பிழை திருத்துவோர் மேஜையை விட்டு நகர மறுத்துவிட்டது. தாய்க்காக நாம் முதலில் அணுகிய ஓர் ஆஸ்பத்திரியில், மாட்டுக்கு வைத்தியம் உண்டு, பூனைக்குப் பழக்கமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் காரியம் நடந்தது.

ஒரு வீட்டில் மாத்திரம் செய்தால் பலன் குறைவு. ஒரு தெரு முழுவதும் சேர்ந்து செய்தால் காணக்கூடிய பலன் உண்டு. ஃபுளோரிடாவின் சர்வகலாசாலை வளாகம் ஒன்றில் 1991-இல் இம்முறையைத் தொடங்கினார்கள். பதினோராண்டில் மொத்தம் 155 பூனைகள் கணக்கில் வந்தன; பாதிக்குச் சற்றுக் குறைவானவை வீடுகளில் வளர்க்கப் போயின; 2002-இல் வளாகத்தில் எஞ்சியவை 23. நம்மவர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போய்க் குடியேறிய சிங்கப்பூரில், அடுக்குமாடிச் சர்க்கார் வீடுகளில் பூனை வளர்க்கவே 1989 முதல் தடை இருந்தது. தடையால் பூனை குறையவில்லை. 2011 முதல் சர்க்காரே தெருப் பூனைகளின் கருத்தடைச் செலவில் பங்கேற்றது. 2024 செப்டம்பர் 1 முதல் வீட்டுக்கு இரண்டு பூனை வளர்க்க அநுமதியும் வந்துவிட்டது. அங்கே மாடிப்படியின் அடியில் படுத்திருக்கும் பூனையின் காது நுனியைப் பார்த்தாலே அதன் சரித்திரம் தெரிந்துவிடும்.

ஓரிடத்தில் மாத்திரம் நாம் இம்முறைக்கு விலக்குச் சொல்லுவோம். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கோடியக்கரை ஆகிய பறவைச் சரணாலயங்களின் கரையில் பிடித்த பூனையை மறுபடி அங்கேயே விடலாகாது. கருத்தடை செய்த பூனையும் பறவையைக் கொல்லும். பல்லாயிரம் மைல் பறந்து வந்த விருந்தாளியை நம் பூனைக்கு விருந்தாக்குவது எந்தக் கருணையிலும் சேராது. அங்குள்ள பூனைகளுக்கு மூடிய கொட்டகையோ வேறு ஊரில் ஒரு மாட்டுத் தொழுவமோதான் தேட வேண்டும்.

சர்க்காரிடம் நாம் கேட்பது பெரிதன்று. முக்தாம்பாள் சத்திரத்தால் பெயர் பெற்ற ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் கை பழகப் பூனைகள் வேண்டும். பூனைகளுக்குப் பழகிய கை வேண்டும். தஞ்சை 2014-லும் கும்பகோணம் 2021-லும் மாநகராட்சிகளாயின. இவ்விரண்டும் கல்லூரியோடு பேசி, வாரத்தில் ஒரு நாளைப் பூனைகளுக்கென்று ஒதுக்கி, அந்நாளை முன்கூட்டியே அறிவிக்கலாம். வார்டுக்கு நான்கு கூண்டு வாங்கி வைத்து ஈடு பெற்றுக்கொண்டு இரவல் கொடுக்கலாம். சந்தையில் சாக்கை அவிழ்ப்பவரிடம் அந்தப் பத்து ரூபாய் அபராதத்தையாவது ஒரு முறை வசூலித்துக் காட்டலாம்.

அதுவரையில் நமது அச்சுக்கூடத்தில் இரண்டு கூண்டுகள் இருக்கின்றன. வைத்தியரிடம் நாள் குறித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு வாடகையின்றித் தருகிறோம். திருப்பித் தரும்போது கழுவிக் காயவைத்துத் தர வேண்டும்; கதவின் விசைக் கம்பி ஒன்றில் சற்று இறுக்கமாக இருக்கிறது, எண்ணெய் விட்டுக்கொள்ள வேண்டும்.